50 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வரவில்லை, ஸ்கேனில் பி.சி.ஓ.டி. என்கிறார்கள்: அடுத்து என்ன செய்வது?

நூல்கண்டு (திருப்பூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது, கல்யாணம் ஆகவில்லை. பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எனக்கு 30, 32 நாளில் பீரியட்ஸ் வந்துவிடும். ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். இந்த வருடம் அது மாறிவிட்டது. முதலில் 38 நாள், அப்புறம் 45 நாள், இப்போது 50 தாண்டிவிட்டது, இன்னும் வரவில்லை. மார்பு மட்டும் கனமாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

அம்மா பயந்துபோய் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். "இரண்டு சினைப்பையிலும் பாலிசிஸ்டிக் தோற்றம்", அதாவது நிறையச் சின்ன நீர்க்கட்டிகள் தெரிகின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அங்கே இருந்தவர் அம்மாவிடம், "பி.சி.ஓ.டி.ம்மா, சீக்கிரம் கல்யாணம் பண்ணிடுங்க, அப்புறம் குழந்தை நிக்கிறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. தினமும் எள்ளுருண்டை, பப்பாளி. பெரியம்மா ஏதோ சூரணம் வாங்கி வைத்திருக்கிறார்.

நான் குண்டு இல்லை, 54 கிலோ. ஷிப்மென்ட் நேரத்தில் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, இரவுச் சாப்பாடு பதினொரு மணிக்கு என்று போகும். அதனால் வயிறு எரிச்சல், ஏப்பம். அதற்கு மருந்துக் கடையில் தரும் கேப்சூல் காலையில் ஒன்று போடுகிறேன். போன தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது, இன்னும் போகிறது. சித்திரையில் ஊர் மாரியம்மன் நோம்பிக்காக நாள் தள்ளிப்போகிற மாத்திரையும் போட்டேன்.

மகளிர் டாக்டரிடம் போகலாம் என்றால், "கல்யாணம் ஆகாத பொண்ணு, உள்ளே பரிசோதனை அது இது என்பார்கள், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று அம்மா தயங்குகிறார். எனக்கு உண்மையிலேயே குழந்தை பிறக்காதா? ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டுமா?

ஓ.பி. சீட்டு எழுதியது:

கண்ணு, நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். சேலம், தர்மபுரிப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன், அதில் பெரும்பகுதி மகளிர் ஓ.பி.யில். உன்னை மாதிரி கையில் ஸ்கேன் கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி வந்து உட்காரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் கையில் கொடுக்கும் வரை கவரைக் கீழே வைக்கமாட்டார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த சென்டரில் சொன்னதை மனசிலிருந்து இறக்கி வை. ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து யாருக்கும் பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, என்று சொல்ல முடியாது. 2003இல் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் இருப்பது ஒன்று. ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பதற்கான அடையாளம், அதாவது தாடையிலும் மேலுதட்டிலும் நெஞ்சிலும் தடித்த முடி, அடங்காத முகப்பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்பது இன்னொன்று. ஸ்கேனில் அந்தத் தோற்றம் மூன்றாவது. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் தைராய்டு கோளாறு, புரோலாக்டின் என்ற பால் சுரக்கும் ஹார்மோன் கூடுவது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். உனக்கு அந்த உறுதிசெய்கிற வேலையே இன்னும் நடக்கவில்லை. படத்தில் தெரிகிற "நீர்க்கட்டிகள்" பாதி வளர்ந்து நின்ற முட்டைப் பைகள்தான். எந்தக் குறையும் இல்லாத இளம்பெண்கள் பலருக்கும் அப்படித் தெரியும். ஸ்கேனைத் திரும்ப எடுத்தால் அதே படம்தான் வரும், காசுதான் போகும்.

இப்போது உன் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். முட்டை வெளியானால், கரு நிற்காத பட்சத்தில், அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உதிரப்போக்கு வந்துவிடும். அந்த இரண்டு வாரம் பெரிதாக மாறாது. மாறுவதெல்லாம் முட்டை வெளியாவதற்கு முந்தைய பகுதிதான். 28 நாள் சுழற்சி உள்ளவளுக்குச் சுமார் 14ஆம் நாள் முட்டை வெளியாகும். 45 நாளில் வந்தது என்றால் அது சுமார் 31ஆம் நாள்தான் வெளியாகியிருக்கும். ஆக, பீரியட்ஸ் தாமதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் முட்டை தாமதம்தான். அந்த முட்டையைக் கிளப்பிவிடும் உத்தரவு கர்ப்பப்பையிலிருந்து வருவதில்லை, மூளையிலிருந்து வருகிறது. மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும், பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற ஹார்மோன்களை அனுப்பும், அப்புறம்தான் சினைப்பை வேலை செய்யும். டைபாய்டு, டெங்கு மாதிரி காய்ச்சல், சட்டென்று எடை குறைவது, தூக்கம் கெடுவது, வீட்டில் ஒரு சாவு, பரீட்சை, எதுவானாலும் அந்த முதல் தட்டலே தடுமாறும்.

பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வந்தால் அது ஒழுங்குதான். போன மாதம் 27, இந்த மாதம் 31 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு தடவை தவறினாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். உனக்குத் தொடர்ந்து நீண்டுகொண்டே போகிறது, 30இல் வந்துகொண்டிருந்தவளுக்கு 50 தாண்டிவிட்டது. இது வீட்டில் எள்ளுருண்டை கொடுத்துக் காத்திருக்கிற கட்டம் இல்லை. எள்ளும் வெல்லமும் நல்ல சாப்பாடு, சாப்பிடு. ஆனால் வெளியாகாத முட்டையை அவை வெளியாக்காது. பப்பாளியும் அப்படித்தான். சூரணத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் பெரியம்மாவாலும் சொல்ல முடியாது, அதை இப்போதைக்குத் தொடாதே.

டாக்டரிடம் போனால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அம்மாவையும் எடுத்துக்கொள்ள விடாதே. ஓ.பி.யில் கல்யாணமானவர், ஆகாதவர், 45 வயது, 15 வயது என்று யாராக இருந்தாலும் நாள் தவறியிருந்தால் அதுதான் முதல் படி. உன் நடத்தையைப் பற்றிய கேள்வி இல்லை அது. அடுத்து ரத்தத்தில் தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச்., புரோலாக்டின். தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன், எஃப்.எஸ்.எச்., சர்க்கரை. தைராய்டு சுரப்பு குறைந்தால் பீரியட்ஸ் தள்ளிப்போகும், சிலருக்கு வந்தால் நிற்காமல் கொட்டும். உன் பிரச்சினைக்குக் கல்யாணமாகாத பெண்ணிடம் உள்பரிசோதனை செய்ய மாட்டார்கள். ரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றின் மேல்தான் எடுப்பார்கள். இதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டு. தனியார் வேண்டாம் என்றால் உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மகளிர் ஓ.பி.யில் அத்தனை கூட்டத்தில் யார் எதற்கு வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: கடைசி ஆறு மாதமாக உதிரம் தொடங்கிய தேதிகள், எத்தனை நாள் இருந்தது, எடை கூடியதா குறைந்ததா, போடுகிற எல்லா மாத்திரைகளும். கடையில் வாங்கும் அந்த கேப்சூலின் அட்டையையே எடுத்துப் போ. அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்னொன்று, கூச்சப்படாமல் பார்: மார்க்காம்பிலிருந்து பால் போல ஏதாவது கசிகிறதா, உள்ளாடையில் கறை இருக்கிறதா? தலைவலியோ பார்வை மங்கலோ உண்டா?

குழந்தை விஷயம். நாளைக்கே உனக்கு பி.சி.ஓ.டி.தான் என்று முடிவானாலும் குழந்தை பிறக்காது என்று அர்த்தம் இல்லை. முட்டை வெளியாக மாத்திரை இருக்கிறது, அதிலேயே கருத்தரித்தவர்கள் ஏராளம். பலருக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. அதற்காக அவசரமாக ஒரு கல்யாணம் செய்துகொள்வது எந்த வைத்தியத்திலும் கிடையாது.

ஈரோடு மருந்தாளர் எழுதியது:

அக்கா சொன்ன அந்தச் சந்தேகத்தை நான் விளக்குகிறேன். தங்கச்சி, அந்த கேப்சூல் அட்டையில் பெயரைப் பார்க்காதே. கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளைப் பார். பான்டோப்ரசோல் அல்லது ராபிப்ரசோல் மட்டும் இருந்தால் அது அமிலத்தைக் குறைக்கிற மருந்து. கூடவே டாம்பெரிடோன் என்றோ லெவோசல்பிரைடு என்றோ இருந்தால் கதை வேறு.

இந்த இரண்டும் வயிற்றைச் சீக்கிரம் காலியாக்கவும் குமட்டலுக்கும் கொடுப்பவை. இவை டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் தடுத்து வேலை செய்கின்றன. நம் பிட்யூட்டரியில் புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பதே டோபமைன்தான். அதைத் தடுத்தால் புரோலாக்டின் ஏறும். புரோலாக்டின் என்றால் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். அது ஏறினால், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு எப்படி மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராமல் இருக்கிறதோ, அதேபோல் முட்டைக்கான உத்தரவு அடங்கிவிடும். மார்பு கனமும் வலியும் அதனாலேயே வரலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் டாம்பெரிடோனைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொல்லிக் கட்டுப்படுத்தியது. அது இதயத் துடிப்பு பற்றிய கவலையால். இங்கே என்ன நடக்கிறது? "கேஸ் மாத்திரை" என்று கேட்கிறார்கள், கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள், வருடக்கணக்கில் காலையில் காபிக்கு முன்னால் போகிறது. என் கடைக்கு வருகிறவர்களிடம் எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்று நான் கேட்டுவிடுவேன், அதற்குக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. பரவாயில்லை, கேட்கத்தான் வேண்டும்.

படிக்கிற மற்றவர்களுக்கு: ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மனநல மருந்துகளும் புரோலாக்டினை ஏற்றும். ஆனால் அவற்றை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார்.

நோம்பிக்குப் போட்ட மாத்திரை அநேகமாக நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. அதை நிறுத்தினால் பொதுவாக இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வந்துவிடும். அந்த ஒரு மாதக் கணக்கு மாறும், ஆனால் இத்தனை மாதம் கழித்தும் அது தாமதம் செய்யாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களும், வீட்டில் அப்படி யாருக்காவது வந்தவர்களும் கேட்காமல் அதைப் போடக் கூடாது. கல்யாண மண்டபத்துக்குப் போகிற அவசரத்தில் வாங்கிப் போகிற மருந்து இல்லை அது.

மல்லிப்பந்தல் எழுதியது:

எனக்கு உண்மையிலேயே பி.சி.ஓ.டி. மூன்றில் மூன்றும் இருந்தது, முகத்தில் முடி, எடை, எல்லாம். இப்போது பெண் குழந்தை இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அதனால் அந்தப் பயத்தை விடுங்கள்.

எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது வேறு. கல்லூரி நாட்களில் நாலைந்து மாதம் வராமலே இருக்கும், விடுதியில் அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. முட்டை வெளியாகாமல் போகும்போது கர்ப்பப்பையின் உள்தோல் உதிராமல் தடித்துக்கொண்டே போகும், அது வருடக்கணக்கில் நீடித்தால் நல்லதில்லை என்று பின்னால் என் டாக்டர் விளக்கினார். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்குக் கர்ப்பப்பை உள்தோல் புற்றுநோய் ஆபத்து கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாம். அதனால்தான் 90 நாள் ஆகியும் வரவில்லை என்றால் சில நாளைக்கு புரொஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து உதிர வைப்பார்கள். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். அப்புறம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தபோது தானாகவே வர ஆரம்பித்தது. 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்குப் பலன் தெரியும் என்றார். உங்களுக்கு 54 கிலோதான், எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். அது இன்னும் தள்ளிப்போக வைக்கும்.

ஆற்றோரம் கேட்டது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 13 வயது, பெரியவளாகி ஒரு வருடம்தான். ஒரு மாதம் வருகிறது, அப்புறம் 40 நாள், ஒருமுறை இரண்டு மாதம். இதற்கும் இந்த டெஸ்ட் எல்லாம் வேண்டுமா? எனக்கே 47 வயது, எனக்கும் இப்போது தாறுமாறாகத்தான் வருகிறது.

ஓ.பி. சீட்டு எழுதியது:

மகளுக்கு வேண்டாம். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் அந்த மூளை-சினைப்பைத் தொடர்பு பழகிக்கொண்டிருக்கும், 45 நாள் வரை போவது சகஜம். 90 நாளுக்கு மேல் வராமல் போனாலோ, வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ, பிள்ளை வெளிறி மூச்சு வாங்கினாலோ கூட்டிப்போங்கள். அந்த வயதில் சினைப்பை ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.டி. முடிவு செய்யாதீர்கள் என்றே சொல்கிறது.

உங்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்குகிறது. நம் நாட்டில் 46, 47ஐ ஒட்டி நிற்பது வழக்கம். நாள் தள்ளிப்போவது பரவாயில்லை. ஆனால் அடிக்கடி வருவது, கட்டி கட்டியாகக் கொட்டுவது, இடையில் கறை படுவது, இவற்றை "நிற்கிற நேரம் அப்படித்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் முழுக்க நின்றபின் ஒரு சொட்டு பட்டால்கூட அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எத்தனையோ அம்மாக்கள் மாதக்கணக்கில் துணி வைத்துச் சமாளித்துவிட்டுத் தாமதமாக வந்ததைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன். 47 வயதிலும் கரு நிற்கும், அந்தப் பரிசோதனையும் உண்டு.

எல்லோருக்கும் பொதுவாக இன்னொன்று. நாள் தள்ளிப்போயிருந்து, கர்ப்பத்துக்கு வாய்ப்பும் இருந்து, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி என்று வந்தால் காலைவரை பொறுக்காதீர்கள். கரு குழாயில் தங்கி வெடிக்கிற நிலையாக இருக்கலாம், உயிர் போகிற விஷயம். 108ஐக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைகிறது என்றாலும் அப்படியே.

நூல்கண்டு எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பான்டோப்ரசோலுடன் டாம்பெரிடோன் 30 மி.கி. நீங்கள் கேட்டபிறகு கவனித்தேன், அழுத்தினால் வெள்ளையாக லேசாக வருகிறது. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

அம்மாவுக்கு அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். மறுநாளே கூட வந்தார். டாக்டர் உள்பரிசோதனை எதுவும் செய்யவில்லை. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ், டி.எஸ்.எச். 2.1, டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருக்கிறது. புரோலாக்டின் 71, அதிகம் என்றார். கேப்சூலை நிறுத்தி, பான்டோப்ரசோல் மட்டும் கொஞ்ச நாளைக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து புரோலாக்டின் திரும்பப் பார்க்க வேண்டுமாம். பி.சி.ஓ.டி. என்று இப்போது எழுதப் போவதில்லை என்றும் சொன்னார். பீரியட்ஸ் இன்னும் வரவில்லை. 71 என்பது மூளையில் கட்டியாக இருக்குமா?

ஓ.பி. சீட்டு எழுதியது:

அம்மா கூட வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், கண்ணு. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் வயதில் புரோலாக்டின் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 25 நானோகிராம் வரை சரி என்பார்கள். பிட்யூட்டரிக் கட்டி பெரிதாக இருந்தால் பெரும்பாலும் 250க்கு மேல் போகும். 71 என்பது டாம்பெரிடோன் போடுகிறவர்களிடம் பார்க்கக்கூடிய அளவுதான். மருந்தை நிறுத்தினால் சில நாளிலேயே இறங்கும். இறங்காமல் இருந்தாலோ, தலைவலி, பார்வைக் கோளாறு இருந்தாலோ மட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். சின்னக் கட்டியே இருந்தாலும் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். எது வந்தாலும் வழி இருக்கிறது.

மறு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது கவனம். தூக்கத்தில் புரோலாக்டின் தானாகவே ஏறும், பதற்றத்திலும் ஏறும். எழுந்த உடனே ஓடாதே. எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போ, லேபில் கால்மணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடு. ஷிப்மென்டுக்காகக் கண்விழித்த மறுநாள் வேண்டாம். பால் வருகிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதே, அதுவே அதை ஏற்றிவிடும்.

பீரியட்ஸ் புரோலாக்டின் இறங்கியதும் வரவேண்டும் என்று எதிர்பார்க்காதே. முட்டை வளர்ந்து வெளியாகி, அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஆகும். 90 நாள் ஆகியும் வரவில்லை என்றால் மல்லிப்பந்தல் சொன்ன மாத்திரை பற்றி டாக்டரிடம் நீயே கேள். வந்தால் முதல் நாள் தேதியைக் காலண்டரில் குறித்து வை. ரிசல்ட் வந்ததும் இங்கே எண்ணை மட்டும் எழுது, ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடாதே, அதில் உன் பெயரும் போன் நம்பரும் இருக்கும்.